மாதாவுக்கு எழுதிய நோட்டு

பாத்திமா மாதாவின் பேரை வைத்திருந்ததாலோ என்னவோ, பாத்திமா பொறுமைசாலி என்று தெருவில் பேர். மாமியார் என்ன சொன்னாலும் எதிர்த்து ஒரு வார்த்தை வராது. முகம்கூடச் சுளிக்கமாட்டாள். "சரிங்க அத்தை" என்று சொல்லிவிட்டுக் கைவேலையைப் பார்ப்பாள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்களுக்கு அவளைக் காட்டிப் புத்தி சொல்கிற தாய்மார்கள்கூட உண்டு. அவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. தெருவில் காட்டுகிற பொறுமைக்கு ஈடாக, கச்சிராயபாளையத்துக் கடையில் வாங்கிய கோடு போட்ட நோட்டில் அவள் தினமும் மாமியாரை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊருக்கு அங்கன்வாடி டீச்சர். வீடு மலைக்குக் கீழே, கோமுகி அணைக்குப் போகிற வழியில். காலையில் வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்து மேலே போவாள். பிள்ளைகளுக்குப் பாட்டு, சத்துமாவு, மதியச் சோறு, மாதம் ஒருமுறை எடை. தொங்குதராசில் ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கி உட்காரவைத்து, முள் நிற்கிற இடத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவிட்டு, சாயங்காலம் கீழே இறங்கி வருவாள். புருஷன் சிங்கராயருக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை. அரவை தொடங்கிவிட்டால் அங்கேயே தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வருவார். வந்தாலும் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. மாமனார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, வாரத்தில் ஆறு நாள் அந்த வீட்டில் இருந்தது இரண்டு பேர், பாத்திமாவும் மாமியார் பாக்கியமும்தான்.

பாக்கியம் கெட்டவள் இல்லை. ஆனால் குறை சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. குழம்பில் உப்பு ஜாஸ்தி, ரசத்தில் புளி கம்மி, துவைத்த புடவையில் சோப்பு போகவில்லை, துடைப்பத்தைச் சாத்திய விதம் சரியில்லை. ஒன்றும் அகப்படாத நாளில், "இன்னிக்கி எல்லாம் சரியாத்தான் கீது, அதான் பயமா கீது" என்பாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அவரைக்காயை நறுக்கிய அழகைப் பற்றி அரை மணி நேரம் கேட்டுவிட்டு, பாத்திமாவுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. கத்தினால் தெரு கூடும். அழுதால் காரணம் கேட்பார்கள், அவரைக்காய் என்று சொல்ல முடியாது. அங்கன்வாடியில் மிச்சமான ஒரு நோட்டு பையில் இருந்தது. மூலையில் உட்கார்ந்து, மனசில் வந்ததை வந்தபடி எழுதினாள். ஒரு பக்கம் நிரம்பியதும் மூச்சு சீராக வந்தது. இதைப் போய் இத்தனை நாள் தெரியாமல் இருந்தோமே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

அது பாக்கியம் ஜெபமாலை சொல்கிற நேரம். மருமகளும் கூட உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். என்ன எழுதுகிறாய் என்று அவள் கேட்டதும், பாத்திமா பதறிப்போய், மாதாவுக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டாள். பாக்கியத்துக்கு எழுத்து தெரியாது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். பிறகு, படித்தவள் எழுதித்தான் ஜெபிப்பாள்போல என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மணி உருட்டப் போய்விட்டாள். பொய் சொன்ன உறுத்தலில் பாத்திமா அந்தப் பக்கத்தின் தலையில் "மாதாவே" என்று ஒரு வார்த்தை சேர்த்தாள். அன்றிலிருந்து எல்லாப் பக்கமும் அப்படித்தான் ஆரம்பிக்கும். மாதாவே, இந்தக் கிழவி இன்றைக்கு என்ன செய்தாள் தெரியுமா. மாதாவே, நீரே வந்து ஒரு வாரம் இவளோடு குடித்தனம் நடத்திப் பாரும்.

மறுநாளே பாக்கியம் சுவரில் மாதா படத்துக்கு அடியில் இருந்த பலகையைத் துடைத்து, நோட்டை எடுத்து அங்கே வைத்தாள். மாதாவுக்கு எழுதியது கண்ட இடத்தில் கிடக்கக் கூடாதாம். ஒரு நோட்டு தீர்ந்தால் பாத்திமா அதை டிரங்குப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கடையில் வாங்கிய புது நோட்டை அங்கே வைப்பாள். படத்துக்குப் பூ வைக்கும்போது பாக்கியம் நோட்டின் மேலும் ஒரு கிள்ளு வைப்பாள். அவளைத் திட்டி எழுதிய நோட்டுக்கு அவள் கையாலேயே தினமும் மல்லிகை. பாத்திமாவுக்குச் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் படத்தைப் பார்க்கவே கூசும். ஞாயிற்றுக்கிழமை சிங்கராயர் வருவார், மாதா படத்தோடு சேர்த்து நோட்டையும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படுக்கப் போவார்.

வெறும் உப்பு புளி சமாச்சாரத்துக்கா நாலு வருஷம் ஒருத்தி எழுதுவாள்? அடியில் வேறொன்று இருந்தது. வருஷத்துக்கு ஒரு பக்கம், ஜனவரி இருபத்திரண்டாம் தேதி.

எட்டு வருஷத்துக்கு முந்திய அந்தத் தேதியில், தலைப்பிரசவத்துக்கு நாள் இருக்கிறது என்று பாத்திமா வீட்டில் இருந்தாள். மதியம் வலி எடுத்தது. சிங்கராயர் ஆலையில். இப்போது மாதிரி நூற்றியெட்டு வண்டி எல்லாம் அப்போது அந்தப் பக்கம் வராது. கச்சிராயபாளையத்துக்குப் போன் போட்டு வாடகைக் கார் வரவழைக்க வேண்டும். அடுத்த வீட்டு ஜெயம்மாள் வந்து, போன் பண்ணட்டுமா என்று கேட்டாள். தலைச்சன் இரண்டு நாள் எடுக்கும், அவசரம் வேண்டாம் என்று பாக்கியம் அனுப்பிவிட்டாள். பொழுது சாயும்போது ஜெயம்மாள் யாரையும் கேட்காமல் போன் பண்ணினாள். கார் வந்தது. கள்ளக்குறிச்சி போகிற வழியில் பாத்திமாவுக்கு நினைவு தப்பியது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். பெண் குழந்தை, செத்துப் பிறந்தது என்றாள் பாக்கியம். ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கே புதைத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. ஞானஸ்நானம் வாங்காமல் போகிற சிசுவை அந்தப் பக்கத்தில் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகமாட்டார்கள், ஓடைக்கரையில்தான் வைப்பார்கள். எந்தக் கரை, எந்த மரத்தடி என்று தெரிந்துகொண்டு என்ன செய்வது?

அதற்குப் பிறகு வயிறு திறக்கவில்லை. ஊர் சும்மா இருக்குமா, சிங்கராயருக்கு வேறு பெண் பார்க்கச் சொல்லி இரண்டொருத்தி பாக்கியத்திடம் பேசிப் பார்த்தார்கள். என் வீட்டு மருமகளைப் பற்றிப் பேச நீ யார் என்று அவர்களை வாசலோடு விரட்டியவள் பாக்கியம். இத்தனை வருஷத்தில் பிள்ளை இல்லை என்ற ஒரு குறையை மட்டும் அவள் வாய் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பாத்திமா பதிலுக்குக் கேட்டிருப்பாள், அன்று ஏன் வண்டி கூப்பிடவில்லை என்று. கேட்க வழியே விடாமல் கிழவி நல்லவளாக இருந்துவிட்டாள். அந்தக் கோபம்தான் உப்பிலும் புளியிலும் போய் இறங்கியது.

இந்த மாசி மாதம் முதல் சனிக்கிழமை, கோயிலில் மாதா நவநாள் ஜெபத்தில் ஒரு நன்றிக் கடிதம் வாசித்தார்கள். அந்தக் கோயிலில் வழக்கம் இதுதான்: வாசல் பக்கம் ஒரு மரப்பெட்டி இருக்கும், வேண்டுதல் உள்ளவர்கள் எழுதிப் போடுவார்கள், சனிக்கிழமை சாயங்காலம், சாமியாருக்கு உதவியாகக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் கிறிஸ்துதாஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார், ஒவ்வொன்றுக்கும் சபை முழுக்க "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும். நைனார்பாளையத்துக்காரி ஒருத்தி பதினொரு வருஷம் கழித்துப் பிள்ளை பெற்றாளாம். பெட்டியில் எழுதிப் போட்ட பலன் என்று கடிதத்தில் இருந்தது.

அந்த வாரம் பாக்கியம் குறை சொல்வதே குறைந்துவிட்டது. ஜெபமாலை சொல்லும்போதும் கண் பலகை மேலேயே இருந்தது. "மாதாவே, கிழவி ஒரு வாரமாகச் சரியில்லை, உடம்புக்கு ஏதாவது வரப் போகிறதா" என்று பாத்திமா எழுதியும் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை கள்ளக்குறிச்சியில் மீட்டிங். நாலு மணி பஸ்ஸில் திரும்பி வந்தாள். வீடு பூட்டியிருந்தது. சாவியை எடுத்துத் திறந்து உள்ளே போனவள் முதலில் பார்த்தது மாதா படத்தடிப் பலகையைத்தான். வெறும் பலகை. ஜெயம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சந்தோஷமாகச் சொன்னாள். அத்தை நோட்டை மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு அப்போதே கோயிலுக்குப் போய்விட்டாளாம். நாலு வருஷமாக எழுதுகிறாள், எழுதியதை எல்லாம் வீட்டிலேயே வைத்திருந்தால் மாதா எப்படிப் படிப்பாள், நானே பெட்டியில் போட்டுவிடுகிறேன் என்று சொன்னாளாம்.

பாத்திமா செருப்பைப் போட்டாளா இல்லையா என்பது அவளுக்கே நினைவில்லை. கால்வாய்க் கரையோடு ஓடினாள். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது, அதைச் சுற்றி முள்ளில் இறங்கி ஓடினாள். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும். மைக் கட்டியிருப்பார்கள். கிழவி முதல் வரிசையில் இருப்பாள். அவளைப் பற்றி எழுதியதை அவளே காதால் கேட்பாள், ஜனவரிப் பக்கத்தையும் கேட்பாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யார் யார் முகத்தில் முழிப்பது? பாத்திமாவுக்குத் தன் பேர் கெடுவதைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை. எட்டு வருஷமாக நேருக்கு நேர் கேட்காத கேள்வியை நாலு ஊர் கேட்க மைக்கில் கேட்பது அநியாயம். அவ்வளவு பெரிய தண்டனையை அவள் கிழவிக்கு நினைத்ததில்லை.

கோயில் வாசலில் பெட்டி பூட்டியிருந்தது. வாய்க்குள் எட்டிப் பார்த்தால் நோட்டின் நீல அட்டை தெரிந்தது. நுழையாத நோட்டைக் கிழவி சுருட்டித் திணித்திருக்கிறாள். இரண்டு விரலை விட்டாள், பிறகு கொண்டை ஊசியை விட்டாள். பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தி, போட்ட வேண்டுதலைத் திருப்பி வாங்குகிறாயா என்று கேட்டாள். சாவி உபதேசியாரிடம். உபதேசியார் மெழுகுவர்த்தி வாங்கக் கச்சிராயபாளையம் போயிருந்தார். அவருடைய டிவிஎஸ் வண்டி வந்து நின்றதும் கோயில் மணி அடித்ததும் ஒன்றாக நடந்தது. அவர் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நடக்க, பாத்திமா பின்னாலேயே போக, பாட்டு ஆரம்பித்துவிட்டது. முதல் வரிசையிலிருந்து பாக்கியத்தின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே உட்காரவைத்தது. அவளுக்காகத் துண்டு விரித்து இடம் பிடித்து வைத்திருந்தாள்.

உபதேசியார் கிறிஸ்துதாஸ் தன் குரலில் பெருமை உள்ளவர். ஒவ்வொரு சீட்டையும் ராகம் போட்டு வாசித்தார். ஒருவருக்குப் போர்வெல்லில் தண்ணீர் வர வேண்டும். ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பில் பாஸாக வேண்டும். சினைமாடு நல்லபடியாகக் கன்று போட வேண்டும். சபை பதில் சொல்லிக்கொண்டே வந்தது. பாத்திமா எதையும் கேட்கவில்லை. அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டுகள் தீர்ந்தன. அவர் நோட்டை எடுத்துச் சுருள் நிமிர்த்தி, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து கம்பீரமாக ஆரம்பித்தார்.

"மாதாவே!"

அங்கேயே நின்றுவிட்டார். கண் மட்டும் இரண்டு வரி கீழே போனது. ஒருமுறை இருமினார். அது வேறு ஏதோ, அடுத்த பக்கம் சரியாக இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். பக்கத்தைத் திருப்பி, கொஞ்சம் சுருதி குறைத்து "மாதாவே" என்றார். மறுபடியும் நின்றார். மூன்றாவது பக்கம். "மாதாவே." மைக்குக்கு முன்னால் ஒரு மனிதர் மாதாவே மாதாவே என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு நிறுத்தினால் சபைக்கு என்ன தோன்றும்? மோட்சத்தில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பிரார்த்தனை மாலை என்றுதான் தோன்றும். பின்வரிசையில் யாரோ ஆரம்பிக்க, கோயில் முழுக்க எழுந்தது, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. பக்கம் திருப்பினார், மாதாவே என்றார், சபை பதில் சொன்னது. இப்படி எட்டோ ஒன்பதோ பக்கம் நடந்தது. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இந்தக் குடும்பத்தின் எல்லாக் கருத்துகளுக்காகவும் மன்றாடுவோம் என்று சொல்லி நோட்டை மூடினார்.

பாத்திமாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், அது அழுகையாக வந்துவிடும்போல இருந்தது. திரும்பிப் பாக்கியத்தைப் பார்த்தாள். கிழவி கண்ணை மூடி, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, கன்னத்தில் நீர் வழிய, கோயிலிலேயே பெரிய குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் உபதேசியார் சக்ரீஸ்து என்கிற உடுப்பு அறைக் கதவருகில் நின்று நோட்டைப் பாத்திமாவிடம் நீட்டினார். நேராக முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு பக்கம் கண்ணுல பட்டுச்சிம்மா. படிச்சத மறந்துட்டேன்" என்றார்.  

திரும்பி நடக்கும்போது பாக்கியத்துக்கு மனசு ஆறவில்லை. மற்றவர்கள் மாட்டுக்கெல்லாம் முழுசாக வாசித்தவர் எங்கள் வீட்டுக்கு மட்டும் பேரைக் கூப்பிட்டதோடு விட்டுவிட்டாரே என்று வழியெல்லாம் புலம்பினாள். என்ன எழுதியிருக்கிறது என்று நினைத்தீர்கள் என்று பாத்திமா மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். பாக்கியம் நின்று, இதென்ன கேள்வி என்கிற மாதிரி பார்த்தாள்.

"வேற இன்னா கேட்டிருப்ப? புள்ளதான? நாலு வருசமா ஒரு நாளு வுடாம கேட்டுக்கினு கீற."

பாத்திமா மேலே நடந்தாள். அந்த நோட்டில் எந்தப் பக்கத்திலும் பிள்ளை கேட்டதில்லை. கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதேயில்லை. கிழவி அத்தனை நாளும் பக்கத்தில் உட்கார்ந்து மணி உருட்டியது அவள் கேட்காத அந்த வேண்டுதலுக்குத் துணையாகத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் பாக்கியம் மாதா படத்துக்கு முன்னால் பாயை விரித்தாள். உபதேசியார் விட்டதை நீ படி, நான் பதில் சொல்கிறேன் என்றாள். பசிக்கிறது என்று பாத்திமா சொல்லிப் பார்த்தாள், களைப்பு என்றாள். படித்துவிட்டுச் சாப்பிடலாம் என்றாள் கிழவி. மறுக்கக் காரணம் அகப்படவில்லை. பாத்திமா உட்கார்ந்து, ரசத்தைப் பற்றி எழுதிய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மாதாவே, எங்களுக்கு ஒரு குழந்தையைத் தாரும் என்று இட்டுக்கட்டிப் படித்தாள்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள் பாக்கியம்.

மாதாவே, என் கணவருக்கு நல்ல சுகத்தைத் தாரும். பதில் வந்தது. மாதாவே, எங்கள் வீட்டில் தொட்டில் ஆட வேண்டும். இதற்குப் பதிலோடு பாக்கியம் நிற்கவில்லை. படத்தை நிமிர்ந்து பார்த்து, "குடு தாயே. அவ கையி வெறுமையா கெடக்குது" என்றாள்.

பாத்திமாவுக்குச் சுரீர் என்றது. வெறுமையாக்கியது யார்? நாலு வருஷமாக நோட்டில் போய் இறங்கிக்கொண்டிருந்தது இன்று இறங்க மறுத்து வாய்வரைக்கும் வந்தது. கை தானாகப் பக்கங்களைத் தள்ளியது. ஜனவரி இருபத்திரண்டு. எழுதியிருந்தபடியே, ஒரு எழுத்து மாற்றாமல் படித்தாள்.

"மாதாவே, இன்றோடு எட்டு வருஷம். அன்று அத்தை வண்டி கூப்பிட்டிருந்தால் என் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு படிப்பாள். அத்தை வேண்டாம் என்றார்கள். அவர்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை."

 பாக்கியம் ஜெபமாலை மணிகளைக் கைக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்விடுவாள், அல்லது கத்துவாள் என்று பாத்திமா காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள் பாக்கியம். குரல் மிகச் சின்னதாக வந்தது. பிறகு, "முன்ன படிச்சதெல்லாம் நீயா சொன்னது. இதுதான் எழுதனது. மிச்சத்தியும் படி" என்றாள்.

பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? பாத்திமா பின்னாலிருந்து முன்னால் திருப்பித் திருப்பிப் படித்தாள். இந்தக் கிழவிக்கு நாக்கா அது. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். சாம்பாரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள், அப்புறம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். இந்த இடத்தில் பாக்கியத்தின் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்ததுபோல இருந்தது. என் பிறந்த வீட்டைப் பற்றி ஜெயம்மாளிடம் ஏன் பேச வேண்டும். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஒன்றுக்கும் மறுப்பு சொல்லவில்லை, ஒன்றுக்கும் பதில் தவறவில்லை. இப்படியே நவம்பர் மாதத்துக்கு வந்தார்கள்.

"மாதாவே, இன்று கல்லறைத் திருநாள். மாமா கல்லறைக்கு ஒரு மெழுகுவர்த்தி போதாதா? பக்கத்தில் வெறும் மண்ணில் இன்னொன்றைக் குத்தி வைத்து, காற்றில் அணைய அணைய ஏற்றிக்கொண்டே இருக்கிறாள். வருஷா வருஷம் இதே. ஏன் என்று கேட்டால் இருக்கட்டும் என்கிறாள். எல்லாம் வீம்பு."

பதில் வரவில்லை.

பாத்திமா நிமிர்ந்தாள். பாக்கியம் படத்தைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, பாயின் கோரையை நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தாள். நோட்டில் வெள்ளைப் பக்கம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் பாத்திமா. "அப்ப எனக்கும் ஒன்னு எழுது. நான் சொல்றத அப்படியே எழுது, மாத்தாத" என்றாள்.

பாத்திமா பேனாவை எடுத்தாள்.

"மாதாவே. நான் வண்டி கூப்புடல. ஜெயம்மா வந்து கேட்டா, நான்தான் வேணாம்னேன். சிங்கராயன பெக்கறப்ப எனக்கு ரெண்டு நாளு வலி கண்டுச்சி. எல்லாருக்கும் அப்பிடித்தான்னு இருந்துட்டேன். தப்பு என்னுது. எழுதிட்டியா?"

எழுதிவிட்டேன் என்றாள்.

"புள்ள கார்ல பொறந்துச்சி. இவளுக்கு நெனவு இல்ல. செத்துப் பொறக்கல மாதாவே. கண்ணு தொறந்து பாத்துச்சி. கொஞ்ச நேரந்தான். மூச்சி கம்மியாயிக்கினே வந்துச்சி. எனக்கு ஒன்னும் ஓடல. டிரைவர்கிட்ட தண்ணி பாட்டில வாங்கி, பிதா சுதன் பரிசுத்த ஆவின்னு சொல்லி நான்தான் தலையில ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தேன். பெரியநாயகின்னு மாதா பேரையே வச்சேன். அதனால சாமியாரு கல்லறையில எடம் குடுத்தாரு. ராவோட ராவா, யாருக்கும் தெரியாம அவ தாத்தா பக்கத்துல வச்சோம். உசுரோட பொறந்து போச்சின்னு சொன்னா இவ தாங்கமாட்டான்னு மறைச்சேன். மவன்கிட்டயும் சத்தியம் வாங்கனேன். அப்பால சொல்லலாம்னு பாத்தா வாயி வரல."

கண் திறந்து பார்த்தது என்ற இடத்திலேயே பேனா நின்றுவிட்டது. மிச்சத்தைப் பாத்திமா எழுதவில்லை, காதால் கேட்டதோடு சரி. எட்டு வருஷமும் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் அந்த மண்ணுக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள். புடவை அழுக்காகாமல் ஒதுங்கி நின்றிருக்கிறாள். அணைந்த மெழுகுவர்த்தியைப் பார்த்து முகம் திருப்பியிருக்கிறாள்.

"யாரப் பாத்துச்சி?" என்று கேட்டாள்.

"என்னத்தான் பாத்துச்சி. மடியில வச்சிருந்தவ நான்தான."

அதைக் கேட்டபோது பாத்திமாவுக்கு வந்தது கோபம் என்றும் சொல்ல முடியாது, பொறாமை என்றும் சொல்ல முடியாது. மகள் இந்த உலகத்தில் பார்த்த ஒரே முகம் இந்த முகம். மன்னிக்கமாட்டேன் என்று வருஷத்துக்கு ஒரு தரம் எழுதி வைத்த அதே முகம். அதையே உற்றுப் பார்த்தாள். சுருக்கம் விழுந்து, மூக்கு சிவந்து, பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிற முகம். எடை எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள். ஊரிலுள்ள பிள்ளைகளை எல்லாம் நிறுத்து எழுதுகிறவளுக்கு வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. பாக்கியம் இரண்டு கையையும் நீட்டி, காற்றில் தூக்கிப் பார்த்தாள். "ரெண்டு படி அரிசி கனம். நல்ல புள்ள" என்றாள். பதிவேட்டில் குறை எழுத வேண்டியில்லாத எடை. பாத்திமா அப்போதுதான் அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், தெரு கேட்டால் கேட்கட்டும் என்று அழுதாள். பாக்கியம் தொட வந்தாள். பாத்திமா கையைத் தள்ளிவிட்டாள். கிழவியின் கை அங்கேயே பாயில் கிடந்தது, அவளும் நகர்ந்து உட்காரவில்லை.

அன்றைக்கே மன்னித்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். வண்டி கூப்பிடாதது ஒன்று, மறைத்தது இன்னொன்று, இரண்டுக்கும் சேர்த்து எழுத இனி எத்தனை நோட்டு வேண்டுமோ. ஆனால் அழுது முடித்ததும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினாள். நாலு வருஷத்தில் முதல் முறையாக, மாதாவே என்று ஆரம்பிக்காமல் வேறொரு பேரை எழுதினாள். எழுத்து கோட்டை விட்டு இறங்கியது, அடித்துத் திருத்தவில்லை. ஞானஸ்நானம் வாங்கிப் போன சிசு நேரே மோட்சத்துக்குப் போகும் என்று சின்ன வயசில் ஞானோபதேச வகுப்பில் அவளும் படித்தவள்தான். அங்கே போனவர்களைக் கூப்பிடுகிற முறையும் அவளுக்குத் தெரியும்.

"பெரியநாயகியே" என்று படித்தாள்.

பாக்கியம் வாயைப் பொத்தியிருந்த முந்தானையை எடுத்தாள்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

பாத்திமா இன்னொரு தரம் கூப்பிட்டாள்.